தைமா: மன்னனுக்கு முந்திய மதில்



பழைய பாபிலோனில் நிசான் மாதம் பிறந்தால் புத்தாண்டு விழா. அகீத்து என்று பெயர். ஊர்த்தெய்வமான மர்தூக் அன்றைக்குத்தான் கோயிலை விட்டு வெளியே எழுந்தருளுவார். தெய்வத்தின் கையைப் பற்றி அழைத்து வர வேண்டியவன் அரசன். அந்த உரிமையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போக முடியாது. அரசன் ஊரில் இல்லையா, விழாவும் இல்லை.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு களிமண் பலகை இருக்கிறது. பாபிலோனின் கடைசி மன்னன் நபோனிடஸின் ஆட்சியை ஆண்டுவாரியாகக் குறித்துக்கொண்டே போகிற வரலாற்றுக் குறிப்பு. ஏழாம் ஆண்டில் அரசர் தைமாவில் இருந்தார், விழா நடக்கவில்லை என்கிறது. எட்டாம் ஆண்டுக்குத் தலைப்பு மட்டும் இருக்கிறது, கீழே எழுத்தே இல்லை. ஒன்பது, பத்து, பதினொன்று என்று மறுபடியும் அதே பல்லவி. ஒன்பதாம் ஆண்டில் அரசனின் தாய் அதத்-குப்பி இறந்துபோகிறாள். நூறு வயதைத் தாண்டிய கிழவி. பட்டத்து இளவரசனும் படையும் மூன்று நாள் துக்கம் காத்தார்கள் என்று குறிப்பு சொல்கிறது. மகன் வந்ததாக அதில் ஒரு சொல்லும் இல்லை.

அன்றைய உலகின் ஆகப் பெரிய நகரத்துக்கு அதிபதி. அவன் பத்து ஆண்டு, நேர்க்கோட்டில் பார்த்தால் ஏறத்தாழ 800 கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு பாலைவன ஊரில் போய் உட்கார்ந்துகொண்டு என்ன செய்தான்? தைமா என்ற பெயரை வெளியுலகம் பேசத் தொடங்கியதே இந்தக் கேள்வியால்தான். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. அரசனைப் பற்றிக் கேட்ட கேள்வி, ஊரைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை விழுங்கிவிட்டது. பாபிலோன்காரன் வந்து காலை வைத்த பிறகுதான் அந்த ஊர் ஊராயிற்று என்பதுபோல எழுதியவர்கள் பலர். ஆகவே அரசரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஊரிலிருந்து தொடங்குகிறேன்.

தைமா இருப்பது சவூதி அரேபியாவின் வடமேற்கில், தபூக் மாகாணத்தில். மதீனாவுக்கு வடக்கே சுமார் 400 கிலோமீட்டர். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்காவது அண்ணனோ மச்சானோ அந்தப் பக்கம் வண்டி ஓட்டியிருந்தால், மதீனாவிலிருந்து தபூக் போகும் நெடுஞ்சாலையில் தைமாவைத் தாண்டித்தான் போயிருப்பார். விவிலியம் வாசிப்பவர்களுக்கு இது தேமா. யோபு, ஏசாயா, எரேமியா ஆகிய நூல்களில் வருகிறது. ஆண்டு மழை 100 மில்லிமீட்டரைத் தொடாத இடம். அப்படியிருந்தும் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கே மனிதர்கள் விட்டுப் போகாமல் குடியிருக்கிறார்கள் என்றால், காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

ஊருக்கு வடக்கே பெரிய உப்புப் படுகை ஒன்று உண்டு. அதன் சேற்றைக் குழாய் இறக்கி எடுத்துப் பார்த்தால், தாள் அடுக்கியது போல மெல்லிய படிவுகள் ஒன்றன் மேல் ஒன்றாக வருகின்றன. ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே உண்மையான ஏரி ஒன்று இருந்தது. அரேபியா முழுவதற்குமே ஈரம் கொஞ்சம் கூடியிருந்த காலம் அது. பிறகு வானம் கைவிட்டது, ஏரி வற்றியது. நிலத்தடி நீர் மட்டும் எட்டுகிற ஆழத்திலேயே நின்றுவிட்டது. அந்தச் சேற்றில் சிக்கிய மகரந்தத்தை நுண்ணோக்கியில் எண்ணியவர்கள், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே திராட்சை இருந்ததைக் கண்டார்கள். மழை குறைந்துகொண்டு போன காலத்தில் திராட்சை மட்டும் தானாக வளர்ந்திருக்காது. யாரோ தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்கள்.

நீர் இறைப்பு என்றால் தைமாவில் எல்லாரும் காட்டுவது பிஃர் ஹத்தாஜ் என்னும் கிணற்றை. குறுக்களவு ஏறத்தாழ 18 மீட்டர், ஆழம் சுமார் 12 மீட்டர். விளிம்பைச் சுற்றிலும் மரச் சட்டங்களில் உருளைகள் நிற்கின்றன. உருளைக்கு ஓர் ஒட்டகம். சரிவில் இறங்கி ஒட்டகம் நடந்தால் தோல் சால் மேலே வரும். திரும்பி ஏறினால் கிணற்றுக்குள் போகும். நம் ஊர்க் கமலையேதான் இது, மாட்டுக்குப் பதில் ஒட்டகம். கமலை இறைத்த தாத்தாவைக் கண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஒரு வித்தியாசம்: நம் ஊரில் ஒரு கிணற்றுக்கு ஒரு கமலை, மிஞ்சினால் இரண்டு. அங்கே பல பத்து ஒட்டகங்கள் ஒரே கிணற்றைச் சுற்றி ஒரே நேரத்தில் இழுத்திருக்கின்றன. ஆளாளுக்கு முறை, ஆளாளுக்கு வாய்க்கால். இரவும் பகலும் உருளைகள் கிறீச்சிட்டிருக்கும்.

1877இல் சார்ல்ஸ் டௌட்டி என்ற ஆங்கிலேயர் அங்கே போனார். அவர் வந்து போன பின் கிணற்றுச் சுவரில் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அந்நிய மதத்தான் உற்றுப் பார்த்தான், எழுதிக்கொண்டான், கண் பட்டுவிட்டது என்று ஊரில் பேச்சு. இரண்டாம் முறை போனபோது மனிதர் அந்தப் பழியையும் சுமக்க வேண்டியிருந்தது. 1950களில் மன்னர் சவூத் காலத்தில் மோட்டார் பம்ப் வந்து ஒட்டகங்களுக்கு ஓய்வு கொடுத்தது. கிணற்றின் வயதை நபோனிடஸ் காலத்தோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் ஊரில் உண்டு. எது கிடைத்தாலும் அவன் தலையில் கட்டிவிடுவது தைமாவில் பழைய பழக்கம்.

அப்படி அவன் தலையில் கட்டப்பட்டவற்றில் ஆகப் பெரியது மதில். நீளம் 15 கிலோமீட்டருக்கு மேல். கல்லும் பச்சைச் செங்கல்லுமாக, சில இடங்களில் இன்றும் பல மீட்டர் உயரம் நிற்கிறது. இவ்வளவு பெரிய மதிலை ஒரு பேரரசன்தானே கட்டியிருக்க முடியும், அந்த ஊரில் தங்கிய பேரரசன் ஒருவன்தானே என்று கணக்குப் போட்டார்கள். பார்வைக்குச் சரியான கணக்கு.

2004 முதல் சவூதி தொல்லியல் துறையும் ஜெர்மன் தொல்லியல் நிறுவனமும் சேர்ந்து அங்கே அகழ்ந்திருக்கின்றன. மதிலின் வயதை அவர்கள் கண்டறிந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. பாலைவனத்தில் சுவர் எழுப்பினால் காற்று மணலைக் கொண்டுவந்து அதன் காலடியில் குவிக்கும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் வெயிலில் கிடக்கும்வரை அதன் கடிகாரம் சுழியில் நிற்கும். மேலே வேறு மணல் விழுந்து மூடி இருட்டானதும், சுற்றியுள்ள மண்ணின் இயற்கைக் கதிரியக்கத்தை அது சேமிக்கத் தொடங்கும். ஆய்வாளர்கள் இருட்டிலேயே அதைத் தோண்டி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் ஒளி பாய்ச்சித் தூண்டுவார்கள். சேமித்ததை அது ஒளியாகவே திருப்பி உமிழும். எவ்வளவு உமிழ்கிறது என்று அளந்தால், கடைசியாக அது வெயிலைப் பார்த்தது எப்போது என்று தெரிந்துவிடும். தைமாவில் மதிலோரம் ஒதுங்கிய மணல் சொன்ன காலம் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் தொடக்கம். மணல் ஒதுங்க வேண்டுமென்றால் சுவர் ஏற்கெனவே நின்றிருக்க வேண்டும். நபோனிடஸ் அரியணை ஏறியது கி.மு. 556இல். அவன் முதல் முறை தைமாவைப் பார்த்தபோது அந்த மதிலுக்கு ஆயிரத்து நானூறு வயதாவது ஆகியிருக்கும்.

மதில் வளைத்திருப்பது வீடுகளை மட்டும் இல்லை. தோப்பு, வயல், நீரோட்டம், காலி நிலம் எல்லாம் உள்ளே. 15 கிலோமீட்டரையும் காவல் காக்க அங்கே எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அதனால் இதைப் போர்க் கோட்டையாக மட்டும் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மந்தையோடு வருபவன் எந்த வாசலில் நுழைய வேண்டும், யாரிடம் கேட்டுத் தண்ணீர் காட்ட வேண்டும் என்பதை முடிவு செய்யும் சுவர் அது. மணலையும் தடுத்திருக்கும், வெள்ளத்தையும் திருப்பியிருக்கும். இதில் தைமா தனியாகவும் இல்லை. தெற்கே கைபர் என்னும் பாலைச்சோலையைச் சுற்றி 14.5 கிலோமீட்டர் நீள மதில் ஒன்று இருந்ததைப் பிரெஞ்சு, சவூதி ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்டார்கள். அதன் காலமும் கி.மு. 2250க்கும் 1950க்கும் இடைப்பட்டது. வடமேற்கில் குரையாவிலும் மதில் உண்டு. வரலாற்று நூல்கள் வெறும் கூடாரங்களைக் காட்டிய நிலப்பரப்பில், வெண்கலக் காலத்திலேயே வேலி போட்ட பாலைச்சோலைகள் வரிசையாக நின்றிருக்கின்றன.

இடையில் உள்ள காலத்தை வேகமாகக் கடக்கிறேன். மதிலுக்கும் முந்தி அங்கே கார்னீலியன் என்னும் செந்நிற மணிக்கல்லைத் துளையிட்டு மணி செய்த பட்டறைகள் இருந்தன. கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் தொடக்கத்தில் சிரியப் பாணி வெண்கலக் கோடரியோடு ஆட்களைப் புதைத்திருக்கிறார்கள். கி.மு. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தின் மூன்றாம் ராம்சேஸ் ஆட்கள் அந்த வழியே போயிருக்கிறார்கள். தைமாவுக்கு அருகே பாறையில் செதுக்கிய அவன் பெயர் முத்திரை கிடைத்ததாக 2010 நவம்பரில் அறிவித்தார்கள். அதே காலத்தை ஒட்டிய ஒரு கட்டடம் தீயில் அழிந்திருக்கிறது. அதன் இடிபாட்டில் தந்த வேலைப்பாடும் எகிப்தியச் சாயல் கொண்ட பொருள்களும் கிடைத்தன. எகிப்தோடு கொடுக்கல் வாங்கல் இருந்த ஊர்.

கி.மு. எட்டாம் நூற்றாண்டில் யூஃப்ரடீஸ் நதியோரம் சூகு என்ற சிற்றரசு. அதன் ஆளுநன் நினுர்த்தா-குதுர்ரி-உசுர் ஒரு கல்வெட்டில் தன் பெருமையை வெட்டி வைத்திருக்கிறான். தைமாவிலிருந்தும் சேபாவிலிருந்தும் வந்த வணிகர் கூட்டம் ஒன்று அவன் எல்லையோரமாகப் போனது, அவனை வந்து பார்க்கவே இல்லை. வந்து பார்ப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்: காணிக்கை, சுங்கம். பதுங்கியிருந்து மடக்கினான். 100 பேர் உயிரோடு சிக்கினார்கள், 200 ஒட்டகங்கள் சுமையோடு சிக்கின. நீலக் கம்பளி, இரும்பு என்று கொள்ளையின் பட்டியலும் இருக்கிறது. தன் வழிப்பறியை இத்தனை திருத்தமாகக் கணக்கெழுதிய அந்த ஆளுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். சேபா யேமனில் இருக்கிறது. யூஃப்ரடீஸ் கரை மறு கோடி. அந்த நெடும் பாதையில் தைமாக்காரர்கள் வழியில் சோறு தண்ணீர் கொடுத்தவர்களாக மட்டும் இருக்கவில்லை, தாங்களே சரக்கு ஏற்றிப் போயிருக்கிறார்கள் என்பதற்கு இந்தத் திருட்டுதான் சாட்சி. அசீரியப் பேரரசன் மூன்றாம் திக்லத்-பிலேசர் தைமாவிடம் பொன்னும் வெள்ளியும் ஒட்டகமும் வாசனைப் பொருளும் திறையாக வாங்கினான். நினிவே நகருக்குப் பின்வந்த அசீரிய அரசன் சென்னகெரிப் எழுப்பிய வாசல்களில் ஒன்றின் பெயரிலேயே தைமாவிலிருந்து வரும் பரிசுகள் நுழையும் வாசல் என்ற பொருள் அடங்கியிருக்கிறது.

இப்போது அரசரை அழைக்கலாம்.

நபோனிடஸ் ஏன் போனான் என்பதற்கு நம்மிடம் உள்ள சாட்சிகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை. அவனே சொன்னது ஒன்று. 1956இல் துருக்கியின் ஹாரான் ஊரில், பாழடைந்த பெரிய மசூதியின் வாசல்களில் படிக்கல்லாகக் கவிழ்த்துப் போட்டிருந்த கற்களை டி.எஸ். ரைஸ் புரட்டிப் பார்த்தார். அடிப்பக்கத்தில் நபோனிடஸின் எழுத்து. பாபிலோன் மக்கள் சந்திரக் கடவுள் சின்னை அவமதித்தார்கள், நோயும் பஞ்சமும் வந்தன, கடவுள் என்னை நகரத்தை விட்டு வெளியே நடத்தினார், பத்து ஆண்டு திரும்பவில்லை என்கிறான். தான் சுற்றிய ஊர்களையும் வரிசையாகச் சொல்கிறான்: தைமா, ததான், பதக்கு, கிப்ரா, யதிகு, யத்ரிபு. கிப்ரா என்பது கைபர். யத்ரிபு பின்னாளில் மதீனா ஆனது. அந்நகரின் பெயர் எழுத்தில் ஏறிய மிகப் பழைய இடம் இதுதான்.

இரண்டாவது சாட்சி அவனுடைய எதிரிகள். பாரசீகன் சைரஸ் கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்த பிறகு பாட்டு வடிவில் ஒரு வசை எழுதினார்கள். தைமாவின் தலைவனைக் கொன்றான், ஊராரின் மந்தைகளை அறுத்தான், பாபிலோன் அரண்மனை போலவே அங்கேயும் ஒன்று கட்டினான் என்று அது போகிறது. புது எசமானுக்காகப் பழைய எசமானைத் திட்டுகிற எழுத்து. அந்த விலைக்குத்தான் அதை வாங்க வேண்டும். மூன்றாவது, சாக்கடல் குகைச் சுருள்களில் கிடைத்த ஒரு துண்டு. நபோனிடஸ் தேமானில் ஏழு ஆண்டு தோல் நோயால் அவதிப்பட்டான், ஒரு யூதன் வழிகாட்டினான் என்கிறது. தானியேல் புத்தகத்தில் நேபுகாத்நேச்சார் புத்தி பேதலித்து ஏழு காலம் புல் மேய்ந்த கதைக்கு மூலக்கதை இதுதான், பெயர் மட்டும் மாறிவிட்டது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

கடவுள் கட்டளை, கொடுங்கோன்மை, வியாதி. இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் ஊர் ஒரு வெற்றுத் திரையாகவே நிற்கிறது. அந்த ஆறு ஊர்களையும் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். யேமனிலிருந்து சாம்பிராணி வடக்கே ஏறும் பாதையின் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. சின் வழிபாட்டில் அவனுக்கிருந்த பற்று உண்மை. பாபிலோன் பூசாரிகளோடு பகை இருந்ததும் உண்மையாக இருக்கலாம். ஆனால் பக்தி முற்றியவன் தாய் வாழ்ந்து வழிபட்ட ஹாரானுக்குப் போயிருப்பான். சின் வழிபாட்டுக்குப் பேர்போன ஊர் அது. அவன் போனது 200 ஒட்டகம் புறப்படுகிற ஊருக்கு. மகன் பெல்ஷாத்சாரைத் தலைநகரில் நிறுத்திவிட்டுப் போனதிலும் கைவிட்டு ஓடியவனின் சாயல் இல்லை. பேரரசின் தென்மேற்கு மூலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டவனின் ஏற்பாடு அது.

மண் என்ன சொல்கிறது? தைமா அகழாய்வில் மணற்கல் நடுகல்லின் துண்டு ஒன்று கிடைத்தது. வளைந்த தலை, கையில் நெடுங்கோலோடு அரசன், எதிரே பிறை, கதிரவன், விண்மீன். அவன் அங்கே இருந்ததற்கு ஊருக்குள்ளேயே கிடைத்த அரச சாட்சி. ஊருக்கு வெளியே பாறைகளில் உள்ளூர் எழுத்தில் சில கிறுக்கல்கள் உள்ளன. பாபிலோன் அரசன் நபோனிடஸின் ஊழியன் நான் என்று ஒருவன் தன் பெயரைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறான். காவலுக்கு நின்ற இடத்தில் பொழுது போகாமல் செதுக்கியிருக்கலாம். 2021இல் ஹாயில் பகுதியின் அல்-ஹாயித்தில், அதாவது பழைய பதக்குவில், 26 வரி ஆப்பெழுத்துக் கல்வெட்டு ஒன்றை அறிவித்தார்கள். சவூதியில் கிடைத்தவற்றில் அதுவே நீளமானது. வசைப்பாட்டு சொன்ன அரண்மனை மட்டும் இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை.

அவன் போன பிறகும் ஊர் இருந்தது. பாரீஸ் லூவர் அருங்காட்சியகத்தில் தைமாக் கல் ஒன்று நிற்கிறது. 1884இல் சார்ல்ஸ் ஹூபரும் யூலியுஸ் ஆய்ட்டிங்கும் அதை எடுத்துச் சென்றார்கள். அதே ஆண்டு ஹூபர் ஜித்தாவுக்கு வடக்கே வழிகாட்டிகள் கையால் கொல்லப்பட்டார். கல் யாருக்கு என்று பிரான்சும் ஜெர்மனியும் இழுத்துக்கொண்டன. அந்தச் சண்டையை விட்டுவிட்டுக் கல்லைப் பாருங்கள். பக்கவாட்டில் மேலே ஒரு தெய்வம், மெசபடோமிய உடையில், கையில் ஈட்டி. கீழே பலிபீடம், அதன் மேல் எருதின் தலை, எதிரே கையை உயர்த்திய பூசாரி. அவன் பெயர் சல்ம்-ஷெசேப் என்று எழுதியிருக்கிறது. தகப்பன் பெயர் பெத்தோசிரி; அது அசல் எகிப்தியப் பெயர். எழுத்தும் மொழியும் அரமாயிக். சல்ம் என்ற தெய்வத்தின் புதிய வழிபாட்டை ஊரின் பழைய தெய்வங்கள் ஏற்றுக்கொண்டன, அதன் பூசாரிப் பதவி இவனுக்கும் இவன் வம்சத்துக்கும் என்பது செய்தி. செலவுக்கு மானியம்: தோட்டத்திலிருந்து 16 பேரீச்சை மரம், அரசன் சொத்திலிருந்து 5, ஆக மொத்தம் 21, ஆண்டுதோறும்.

இந்த 21 மரங்களை நான் நபோனிடஸின் நடுகல்லுக்கு மேலாக மதிக்கிறேன். கூட்டல் கணக்கைக் கல்லிலேயே முடித்துக் காட்டுகிற ஊர் அது. எந்த மரம் யாருடையது என்று பிரித்துச் சொல்ல ஆளும், மீறினால் கேட்க ஆளும் அங்கே இருந்திருக்கிறார்கள்.

பின்னர் ததானின் லிஹ்யான் அரசர்கள் கை ஓங்கியது. அவர்களுடைய பெரிய மணற்கல் சிலைகள் துண்டு துண்டாகக் கிடைத்திருக்கின்றன. அடுத்து நபத்தேயர், அடுத்து ரோமின் நிழல். கி.பி. 203ஆம் ஆண்டுக் கல் ஒன்று யோசேப்பின் மகன் ஏசாயா என்பவனைத் தைமாவின் தலைவன் என்று குறிப்பிடுகிறது. பெயர்கள் யூதப் பெயர்கள். ஆறாம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த யூத அரபுக் கவிஞர் சமவ்அல் இப்னு ஆதியாவை அரபு உலகம் இன்றும் மறக்கவில்லை. கவிஞன் இம்ருல் கைஸ் அடைக்கலமாக விட்டுப்போன கவசங்களை அவன் பகைவரிடம் ஒப்படைக்க மறுத்து, கோட்டைக்கு வெளியே பிடிபட்ட தன் மகன் வெட்டப்படுவதைக் கண்டவர் என்பது கதை. நன்றியும் வாக்கும் தவறாதவனைச் சொல்ல அவர் பெயரையே உவமையாக எடுப்பார்கள். தைமாவில் அவர் கோட்டை என்று ஓர் இடிபாட்டைக் காட்டுகிறார்கள். கதையை அதன் மேல் நான் ஏற்றிவைக்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. மதில் கட்டிய காலத்துக்குத் தைமாவில் கல்லறைகள் கிடைத்திருக்கின்றன, பானைகளும் ஆயுதங்களும் கிடைத்திருக்கின்றன. அதே அளவு தெளிவாக வீடுகள் கிடைக்கவில்லை. மேலே இன்றைய ஊரும் தோப்பும் இருப்பது ஒரு காரணம். 2024இல் கைபரின் மதிலுக்குள் அல்-நதா என்ற சிற்றூரை வெளியிட்டார்கள்: 2.6 ஹெக்டேர், சுமார் 500 பேர், கி.மு. 2400ஐ ஒட்டித் தொடங்கியது, வீடுகளுக்கு இடையே குறுகிய தெருக்கள். அவ்வளவு சிறிய ஊரால் அவ்வளவு நீள மதிலைக் கட்ட முடிந்தது என்பது தெரிந்த பிறகு, தைமாவுக்கு ஒரு பேரரசனைத் தேடிப் போக வேண்டியதில்லை. தேட வேண்டியது தோப்புகளுக்கு அடியில், ஐந்நூறோ ஆயிரமோ பேர் குடியிருந்த தெருக்களை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.